தொட்டபெட்டாவை விட 5 மீட்டர் குறைவு

கோத்தகிரியில் ஒரு பள்ளியில் 31 ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள் நான். எரிமலைப் பாடத்தைத் தொடங்கும் நாளில் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், தொட்டபெட்டா எரிமலைதானே?” என்று கேட்பது ஆண்டுதோறும் நடந்தது. இல்லை என்பதுதான் விடை. நீலகிரியின் பாறை சார்னோகைட் என்னும் வகையைச் சேர்ந்தது; பூமிக்குள் மிக ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவாகி, பின்னர் மேலே உயர்த்தப்பட்டு, மழையாலும் காற்றாலும் தேய்ந்து இன்றைய வடிவத்துக்கு வந்தது. நெருப்பைக் கக்கிய வாய் எதுவும் இங்கே இல்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். டீச்சரும் எரிமலையைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார் என்பதை நான் அவர்களிடம் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குறை தீர்ந்தது. என் மகள் மொரிஷியஸில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து முக்கால் மணி நேர விமானப் பயணத்தில் ரீயூனியன் தீவு வந்துவிடுகிறது. மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில், கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பாகவே எழும்பிய தீவு அது. ஆட்சியால் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே போவதென்று முடிவானதும், பழைய பழக்கத்தில் வரைபடத்தை விரித்து அளவெடுக்கத் தொடங்கினேன். தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ நீலகிரி மாவட்டத்தின் பரப்பு. அங்கே இன்றும் அடிக்கடி வெடிக்கும் பிடோன் டெ லா ஃபுர்னேஸ் எரிமலையின் உயரம் 2,632 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டு மலைகளுக்கும் இடையே உயரத்தில் 5 மீட்டர்தான் வேறுபாடு. வயதிலோ ஒப்பிடவே வழியில்லை. அந்த எரிமலை பிறந்து சுமார் 5 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு மூத்ததும் தீவிலேயே உயரமானதுமான பிடோன் டெ நேழ் என்னும் 3,070 மீட்டர் சிகரம் பல்லாயிரம் ஆண்டுகளாக உறங்குகிறது.

இன்னொரு உறவும் உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் மீது எரிமலைக் குழம்பைக் கொட்டி, அஜந்தாவிலும் எல்லோராவிலும் பின்னாளில் சிற்பிகள் குடைந்த கரும்பாறையை உருவாக்கிய வெப்பப் புள்ளிதான் (பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடம்), நிலத்தட்டு வடக்கே நகர்ந்துவிட்டதால், இப்போது ரீயூனியனுக்கு அடியில் இருக்கிறது என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தத் தீவின் மேல் நின்று, காலடியில் இருப்பது அதே அடுப்பு என்று நினைத்துப் பார்ப்பது வேறு அனுபவம்.

பயணத்துக்கு ஆயத்தமானது முழுவதும் கோத்தகிரியில்தான். எரிமலைத் தீவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனையும் இதுவே: முதலில் உங்கள் ஊர் மலையைத் தீவாகப் பார்க்கப் பழகுங்கள். நீலகிரியும் ஒரு வகையில் தீவுதான். சுற்றிலும் கடலுக்குப் பதிலாகச் சமவெளியின் வெப்பம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்து வெயிலில் வாழ முடியாத உயிர்கள் மேலே சோலைகளிலும் புல்வெளிகளிலும் அகப்பட்டுக்கொண்டு, அங்கேயே தனி இனங்களாக மாறியிருக்கின்றன. நம் சோலைக்குள் தரையோரம் தத்தித் திரியும் நீலநிறச் சோலைக்கிளி என்னும் சிறு பறவையும் (பெயரில்தான் கிளி), பழனி மலையிலும் ஆனைமலையிலும் வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியும் வெவ்வேறு இனங்கள். நடுவே இருக்கும் பாலக்காட்டுக் கணவாயை அவற்றால் கடக்க முடிந்ததில்லை. 2017-இல் இந்தப் பறவைகளுக்கு அறிவியலாளர்கள் புதிய பேரினப் பெயர் சூட்டியபோது, சோலை என்ற நம் சொல்லையே எடுத்து ‘ஷோலிகோலா’ என்று வைத்தார்கள். கொடைக்கானலில் காணப்படும் சிரிப்பான் பறவையும் ஊட்டியின் சிரிப்பானும் இப்படியே பிரிந்தவை.

வனத்துறையின் அனுமதியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் லாங்வுட் சோலைக்குள் நடக்கும் எங்கள் சிறு குழுவில் நான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அங்கே காவல் பார்க்கும் ஒருவர், என் நடையைச் சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் சொன்னார்: “டீச்சர், நீங்க பறவையைத் தேடிட்டே போறீங்க. ஒரே இடத்துல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. அதுவா வரும்.” நின்றேன். ஏழாவது நிமிடத்தில், பாசி படர்ந்த ஒரு வேரின் மேல், கையெட்டும் தொலைவில், சோலைக்கிளி வந்து அமர்ந்தது. அதன் வயிற்றோரத்துச் செம்பழுப்பை அன்றுதான் முதன்முதலாகத் தெளிவாகக் கண்டேன். அந்தப் பத்து நிமிடக் கணக்கை ரீயூனியனுக்கும் கொண்டுபோனேன். அங்கே அதைப் போல் உதவிய பாடம் வேறில்லை.

உடலைப் பழக்குவதற்கு ரங்கசாமி மலையும் வீட்டருகே தேயிலைத் தோட்டத்துப் படிகளும் போதுமாக இருந்தன. ஏறுவதை விட இறங்குவதே முழங்காலைத் தின்கிறது என்பதை அறுபது வயதில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இறக்கத்தையே அதிகம் பயின்றேன். ஆவணங்களைப் பொறுத்தவரை ஒரே ஓர் எச்சரிக்கை: ரீயூனியன் பிரான்சின் பகுதி என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் அடங்காது. எனவே விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே தீவின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததுதான் இந்தப் பயணத்தை நான் பார்த்த கோணத்தையே மாற்றியது. ஊட்டிக்கு மேலே ஒரு மேட்டில் அந்த வாரம் நடந்துவிட்டு வந்திருந்தேன். தீவுக்கு விதைகளை எடுத்துச் செல்லக் கூடாது என்று படித்திருந்ததால், திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்து, பல் தேய்க்கும் பழைய தூரிகையால் காலணிகளைத் தேய்க்கத் தொடங்கினேன். அடிப்பாகத்துப் பள்ளங்களில் காய்ந்த மண் கட்டிகட்டியாக உதிர்ந்தது. நாக்குப் பகுதியும் தோலும் சேரும் தையலில் ஊசியால் கிளறியபோது, முதலில் காய்ந்த பச்சை முள் ஒன்றும், அதன் பின் மூன்று விதைகளும் வந்து விழுந்தன. கடுகை விடச் சற்றுப் பெரியவை. பழுப்பும் பச்சையும் கலந்த பளபளப்பு. ஒவ்வொன்றின் நுனியிலும் நெய்யில் தோய்த்தது போல் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு குமிழ். எறும்புகளுக்கான கூலி அந்தக் குமிழ். அதைத் தின்பதற்காக எறும்பு விதையைத் தூக்கிச் சென்று வேறிடத்தில் போட்டுவிடும். முள்ளைப் பார்த்ததும் என்ன செடி என்று தெரிந்துவிட்டது: மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் முட்புதர். ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து, நம் புல்வெளிகளில் பல இடங்களை மூடிக்கொண்டிருக்கும் அதே செடி. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்; புதரை வெட்டினாலும் எரித்தாலும், அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும்.

மூன்று விதை. என் காலணியில். நான் முப்பது ஆண்டுகள் சுற்றுச்சூழல் பாடம் நடத்தியவள். அவற்றை அடுப்பில் போட்டேன். அன்று மாலை காலணிகளை வெந்நீரில் கழுவி, மறுநாள் முழுதும் வெயிலில் காயவைத்து, பையின் அடித்துணி, காலுறைகள், கம்பளிச் சட்டையின் கைமடிப்பு எல்லாவற்றையும் உதறிப் பார்த்தேன். இதற்கு ஒரு மணி நேரம்தான் ஆகிறது. பயணத்துக்கான துணிமணிகளுக்கு நாம் செலவிடும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அக்டோபர் மாதம் அங்கே வறட்சிக் காலத்தின் கடைசிப் பகுதி; நடப்பதற்கு ஏற்றது. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். அப்போது போக நினைப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 ஆகஸ்டில் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து சாலைகளும் சரிவுகளும் இடிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ரீயூனியனின் ஃபோக்-ஃபோக் என்னும் மேட்டில் 1966 ஜனவரியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. 24 மணி நேர மழையில் அதுதான் உலகச் சாதனை. கடற்காற்று திடீரென 2,000 மீட்டருக்கு மேல் ஏற நேரும் எந்த மலைக்கும் இதுதான் தலையெழுத்து.

தீவின் சாலைகள் நம்மவருக்குப் பெரிய அச்சம் தருவதில்லை. சிலாவோஸ் பள்ளத்தாக்குக்குப் போகும் பாதையில் 400 வளைவுகள் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் பழகிய எனக்கு அந்த எண்ணிக்கைதான் கூடுதலாகத் தெரிந்தது. வண்டி சாலையின் வலப்புறம் ஓடுவதுதான் சங்கடம். மகள் ஓட்டினாள், நான் வாயை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

எரிமலைக்குப் போன முதல் நாளைக் கெடுத்தது நானேதான். குளிக்காமல், காபி குடிக்காமல் கிளம்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததில், பா டெ பெல்கோம்ப் என்னும் 2,311 மீட்டர் உயரத்து விளிம்பை அடையும்போது ஒன்பதரை ஆகிவிட்டது. வழியில் கருமணலும் செம்மணலும் விரிந்துகிடக்கும், ஒரு மரமும் இல்லாத சமவெளியைக் கடக்கையில் வானம் துடைத்த கண்ணாடி போலிருந்ததால் தைரியமாக இருந்தோம். விளிம்பிலிருந்து செங்குத்தான படிகளில் இறங்கினால் எரிமலையின் பெருங்குழிக்குள் போகலாம். உள்ளே பாதை என்று எதுவும் இல்லை. உறைந்த குழம்பின் மேல் சில அடிகளுக்கு ஒன்றாக வெள்ளைச் சுண்ணப் புள்ளிகள் போட்டிருக்கிறார்கள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நடப்பதுதான் பாதை. 1753-இல் உருவானதாகச் சொல்லப்படும் ஃபோர்மிகா லியோ என்ற செந்நிறச் சிறுகுன்றைத் தாண்டி அரை மணி நேரம் நடந்திருப்போம். பின்னாலிருந்து மேகம் இறங்கியது. கோத்தகிரியில் மேகம் இறங்குவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் இங்கே தேயிலை வரிசையும் தந்திக் கம்பமும் வழி சொல்லும். அங்கே எல்லாத் திசையும் ஒரே கறுப்பு, அதன் மேல் ஒரே வெள்ளை. அடுத்த புள்ளி தெரியவில்லை.

“அம்மா, நகராதீங்க” என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் நான்கு அடி எடுத்துவைத்துச் சறுக்கி விழுந்தேன். எரிமலைக் குழம்பு இரண்டு விதமாக உறைகிறது. மெதுவாக ஓடியது கயிற்றைச் சுருட்டி வைத்தது போலவும் பாயின் மடிப்புப் போலவும் வழவழப்பாக இருக்கும். வேகமாகவும் கெட்டியாகவும் ஓடியது உடைந்த செங்கல் சூளையைப் போல் கூர்கூராகக் கிடக்கும். நான் கை ஊன்றியது இரண்டாவது வகையில். உள்ளங்கையில் மூன்று இடங்களில் கிழிந்தது. கண்ணாடித் துண்டு கீறியது போல் மெல்லிய, ஆழமான கோடுகள். கையுறையை அறையிலேயே விட்டுவிட்டு வந்ததும் நான்தான்.

முக்கால் மணி நேரம் ஒரே புள்ளியின் மேல் நின்றிருந்தோம். பிறகு வயதான பிரெஞ்சுத் தம்பதியர் மேகத்துக்குள்ளிருந்து வந்தார்கள். அவர்கள் நடந்த முறையை அப்படியே கற்றுக்கொண்டோம்: ஒருவர் புள்ளியின் மேல் நிற்க வேண்டும், மற்றவர் குரல் கொடுத்துக்கொண்டே முன்னே போய் அடுத்த புள்ளியைக் கண்டுபிடித்து அதன் மேல் நின்றுகொண்டு இவரை அழைக்க வேண்டும். இருவரும் ஒருபோதும் ஒரே சமயத்தில் புள்ளியை விட்டு விலகக் கூடாது. இந்த முறையை முக்கூர்த்திப் பக்கத்துப் புல்மேடுகளிலும் கையாளலாம்; புள்ளி இல்லாத இடத்தில் ஒரு பாறையைப் புள்ளியாக வைத்துக்கொண்டால் போதும். மறுநாள் காபியைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு நாலரைக்குக் கிளம்பினோம். விடியலில் மார்கழி மாதத்து ஊட்டிக் குளிர். ஒன்பது மணிக்குள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்து திரும்பிப் பார்த்தபோது, முதல் நாளைப் போலவே மேகம் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

எரிமலை அப்போது அமைதியாக இருந்தது. வெடிக்கும் அறிகுறி தெரிந்தால் அந்தப் படிகளின் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள். 1977-இல் குழம்பு பெருங்குழிக்கு வெளியே ஓடி, பிடோன் சேன்ட்-ரோஸ் என்னும் ஊருக்குள் புகுந்து வீடுகளை அழித்தது. அங்கிருந்த மாதா கோயிலின் வாசலை எட்டி, இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் கண்காணிப்பு நிலையம் அமைத்தார்கள். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்ட முதல் கேள்வி, “என்னக்கா, இவ்வளவு செலவு பண்ணிப் போயி நெருப்பைப் பார்க்காமலா வந்தீங்க?” என்பதுதான். பார்க்கவில்லை. அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. ஏனென்றால் நெருப்பு அணைந்த பிறகு நடப்பதைப் பார்த்தேன்.

அதைப் பார்க்கத் தீவின் கிழக்குக் கரைச் சாலைக்குப் போக வேண்டும். எரிமலையிலிருந்து கடலுக்கு ஓடிய குழம்புகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு செல்லும் அந்தச் சாலையோரத்தில், இது எந்த ஆண்டு ஓடிய குழம்பு என்று பலகை வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்திப் பலகைக்குப் பலகை நடந்தால், காடு எப்படிப் பிறக்கிறது என்பது வரிசையாகத் தெரிகிறது. 2007 ஏப்ரலில் வந்தது அண்மைக்காலத்தின் மிகப் பெரிய வெடிப்பு. எரிமலை உச்சியில் இருந்த பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது, குழம்பு கடலுக்குள் இறங்கித் தீவுக்குப் புது நிலத்தைச் சேர்த்தது. அந்தப் படிவின் மேல் குனிந்து பார்த்தேன். தூரத்திலிருந்து சாம்பல் பூத்தது போல் தெரிந்தது, அருகில் போனால் கல்பாசி இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர்: பிரியாணிக்குப் போடுகிறோமே, அதற்குத் தூரத்து உறவு. விரல்நுனி உயரத்தில், வெள்ளிக் கம்பியில் செய்த சிறு பவளப்பூக்களைப் போல், கல்லின் மேற்பரப்பு முழுவதும் அடர்ந்திருந்தது. மண்ணே இல்லாத இடத்தில் முதலில் குடியேறுவது அதுதான். குழம்பு குளிரும்போது விழுந்த வெடிப்புகளில் பெரணிகள் நின்றன. வெடிப்புக்குள் கையை நீட்டினால் ஈரம், வெளியே எடுத்தால் வெயில். பெரணி ஏன் வெடிப்பை விட்டு வெளியே வரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இன்னும் பழைய குழம்புகளில் பெரணியின் மக்கல் மேல் புதர்கள், அவற்றுக்கும் மேல் இளமரங்கள். கடைசியில், குழம்பு தொடாமல் விட்ட பழங்காட்டு விளிம்பில் மரங்கள் நெருங்கி, உள்ளே இருட்டு. மூன்று மணி நேர நடையில் சில நூறு ஆண்டுகளைக் கடந்தேன். என் பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி.

அந்த வரிசையில் ஒரு பிழையும் கண்ணில் பட்டது. புதிய குழம்பில் பல இடங்களில் எல்லோருக்கும் முன்பாக உயர்ந்து நின்றது சவுக்கு மரம். நம் கடற்கரைகளில் நட்டு வளர்க்கும் அதே சவுக்குதான். தீவுக்கு மனிதர் கொண்டுவந்தது. அதன் காய்ந்த ஊசியிலைகள் மெத்தை போல் விழுந்து மூடிய இடத்தில் கல்பாசியும் இல்லை, பெரணியும் இல்லை. அப்போது தொடங்கி வேற்றிடத்துச் செடிகளையே என் கண் தேடியது. சிலாவோஸ் பக்கத்துச் சரிவுகளில் நம் ஊரில் சீகை மரம் என்று சொல்லும் வாட்டில். ஓடையோரங்களில் இமயமலைப் பகுதியிலிருந்து வந்த காட்டு இஞ்சி. எரிமலைக்குப் போகும் வழியில், மேய்ச்சல் நிலங்களின் வேலியோரமாக, நல்ல மஞ்சள் நிறத்தில் பூத்துக் குலுங்கிய முட்புதர்கள். மகளிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். அதே முள், அதே பூ. ஐரோப்பாவிலிருந்து ஒரு கூட்டம் ஊட்டிக்கும் இன்னொரு கூட்டம் இங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்த கோர்ஸ், இரண்டு மலைகளிலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது. என் மூன்று விதைகள் இங்கே வந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது என்று மகள் ஆறுதலாகச் சொன்னாள். அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

விலங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வௌவாலைத் தவிர்த்துப் பாலூட்டி எதுவும் தானாகவே போய்ச் சேர முடியாத தீவு அது. அதனால் காட்டுவழியில் நடக்க அச்சமே இல்லை. கோத்தகிரியில் விடியற்காலை வாசற்கதவைத் திறக்குமுன் விளக்கைப் போட்டு, காட்டெருமை நிற்கிறதா, கரடி நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அங்கும் இரண்டு நாள் தொடர்ந்தது. சுள்ளி முறியும் ஓசைக்குக் கால் தானாக நின்றது. பிறகுதான் பார்வையைத் தாழ்த்தக் கற்றேன். பெரிய விலங்கைத் தேடி எரிமலைத் தீவுக்குப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். கைப்பிடிக்குள் அடங்கும் பறவைகளுக்கே அங்கே முதலிடம்.

குழிக்கு மேலே, எரிக்காப் புதர்கள் நிறைந்த மேட்டில் பத்து நிமிடம் நின்றேன். “டெக்-டெக்” என்று இரண்டு கல்லைத் தட்டுவது போல் ஒரு குரல். கறுப்புத் தலையும் வெள்ளைக் கழுத்தும் நெஞ்சில் ஆரஞ்சுப் பூச்சும் கொண்ட ஒரு சிறு பறவை புதர் நுனிக்கு வந்து, என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, இன்னும் அருகிலிருந்த கல்லுக்கு இறங்கியது. அதன் குரலே அதற்குப் பெயர்: டெக்-டெக். உலகில் வேறெங்கும் இல்லாத இனம். ஆனால் அது வாலை ஆட்டிய விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தேயிலைத் தோட்டத்துக் கம்பி வேலியில் தினமும் அமரும் நம் கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே பேரினம். நம் சோலையின் வெள்ளைக்கண்ணிக்கும் அங்கே இரண்டு உறவினர்கள் உண்டு. சொந்த ஊர்ப் பறவைகளை நன்றாகத் தெரிந்துகொண்டு போனால் தீவில் பாதிப் பறவைகளை உறவுமுறை சொல்லி அழைக்கலாம்.

துயித்-துயித் என்னும் பறவையை நான் பார்க்கவில்லை. ரோஷ் எக்ரீத் மலையின் ஒரு சிறு காட்டுப் பகுதியில் மட்டும் எஞ்சியிருக்கும் இனம் அது. கப்பலில் வந்த எலிகள் அதன் முட்டைகளைத் தின்பதால், எலிகளைக் கட்டுப்படுத்தியே அதைக் காப்பாற்றி வருகிறார்கள். அந்தக் காட்டில் ஒரு காலைப்பொழுது முழுதும் நின்றும் குரல்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் போய்ப் பார்த்தே ஆக வேண்டிய பறவை அதுவல்ல என்று தோன்றியதால் இரண்டாம் முறை போகவில்லை.

மாலையில் பார்க்க வேண்டியது கடற்கரையில் இருக்கிறது. பாரோ பெட்ரல் என்னும் கடற்பறவை பகலெல்லாம் கடலில் இரைதேடிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் 2,000 மீட்டருக்கு மேலே உள்ள பாறைச் சரிவுகளில் இருக்கும் தன் வளைகளுக்குத் திரும்புகிறது. தென்மேற்குக் கரையில் சேன்ட்-எத்தியேன் ஆற்று முகத்துவாரத்தில் நின்றால், நூற்றுக்கணக்கில் தலைக்கு மேலே ஏறிப் போவதைக் காணலாம். சிகரத்தில் கூடு கட்டும் பறவையைச் சிகரத்துக்கு ஏறாமலே பார்க்க இதுதான் வழி. முதன்முறை பறக்கும் குஞ்சுகள் ஏப்ரல் மாத இரவுகளில் தெருவிளக்குகளைக் கண்டு குழம்பி ஊருக்குள் விழுகின்றன. அந்த நாள்களில் விளக்குகளை அணைத்துவைக்கும் ஊர்கள் அங்கே பல.

நாங்கள் தங்கிய வீட்டின் அம்மையாருக்குத் தமிழ்ப் பெயர், தமிழ் முகம், தமிழ் தெரியாது. 1848-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரின் வழிவந்தவர். அங்கே அவர்களை மலபார் என்கிறார்கள். கடைசி இரவு ஒரு கீரையைச் சமைத்து வைத்து, அதன் பெயர் ‘முருங்க்’ என்றார். பிரெஞ்சும் கிரியோலும் கலந்த அந்தப் பேச்சில் எனக்கு முழுதாகப் புரிந்த ஒரே சொல் அதுதான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, லாங்வுட் சோலைக்குப் போக எட்டுப் பேர் என் வீட்டுத் திண்ணையில் கூடினார்கள். செய்தித்தாளை விரித்து, தூரிகைகளை வைத்து, எல்லோரும் காலணிகளைக் கழற்ற வேண்டும் என்றேன். “டீச்சர், நாம என்ன வெளிநாட்டுக்கா போறோம்? முக்கால் மைல் தள்ளி இருக்கற சோலைக்கு” என்று என் பழைய மாணவன் ஒருவன் முணுமுணுத்தான். அவன் முந்தைய வாரம் ஊட்டிப் பக்கம் போயிருந்தான். என்னுடையதிலிருந்து கறுப்பு எரிமலைப் பொடி கொஞ்சம் விழுந்தது. மொரிஷியஸில் கழுவியும் தையலுக்குள் தங்கிவிட்டது அது. அவனுடையதிலிருந்து புல்விதையும், ஒரு முள்ளும், நுனியில் மஞ்சள் குமிழோடு பழுப்பு விதை ஒன்றும் விழுந்தன. அவன் அதை நகத்தால் புரட்டிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் குந்தியிருந்தான். பிறகு தாளைப் பொட்டலமாகச் சுருட்டி, பின்கட்டில் வெந்நீருக்காக எரிந்துகொண்டிருந்த அடுப்பில் அவனே போய்ப் போட்டுவிட்டு வந்தான்.